இரும்புக் கடையும் நமது கடனும்

உடுவிலில் நமது வீட்டு முற்றத்துக் குழாய் ஒன்று இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளிலே தேங்கிய மழைநீரன்றி வேறு நீர் தமக்கில்லை என்பதை அறிந்த யாழ்ப்பாணத்தவர்க்கு அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு உறங்குவது எளிதன்று. மறுநாட் காலை குழாயைக் கழற்றிக் கடதாசியிற் சுற்றிக்கொண்டு, புதியது வாங்கும் எண்ணத்தோடு, சுன்னாகத்துக்குப் போகும் வழியிலுள்ள இரும்புக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் கடதாசியைப் பிரித்தார். குழாயை இரண்டு முறை திருகிப் பார்த்தார். நம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"இது நல்ல பித்தளை, மாஸ்ரர். உள்ளுக்குக் கிடக்கிற வாசர்தான் தேஞ்சு போச்சு. அதை மாத்தினாக் காணும்."

650 ரூபாய்க்கு ஒரு குழாயை விற்றிருக்கலாம். அவரோ 10 ரூபாய்க்கு ஒரு றப்பர் வளையத்தை விற்றார். அதையும் தம் கையாலேயே பொருத்தித் தந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த இந்த அற்ப நிகழ்ச்சி நம் மனத்தை விட்டு அகலவில்லை. விற்பதற்கென்றே கடை திறந்தவர் விற்க மறுக்கிறார். இதை வணிகம் என்பதா? வணிகத்துக்கு மேற்பட்ட ஒன்று என்பதா? வாங்க வந்தவருக்கு விற்பவர் எவ்வளவு கடமைப்பட்டவர்? காசுக்குரிய பொருளைக் கொடுத்தாற் போதுமா, அப்பொருளைப் பற்றித் தாம் அறிந்த உண்மையையும் கொடுக்க வேண்டுமா? இக்கேள்விக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அது நமக்குச் சங்கடமானது. ஆகையால் சற்றுப் பின்னால் அதற்கு வருவோம்.

நமது பகுதியின் இரும்புக் கடையைப் பார்த்திராத வாசகர்களுக்காக அதன் தோற்றத்தைச் சிறிது கூறவேண்டும். வாசலின் இரு புறமும் மண்வெட்டிகளும் அலவாங்குகளும் சாத்தப்பட்டிருக்கும். மேலே வளையிலிருந்து வாளிகளும் கயிற்றுச் சுருள்களும் லாம்புகளும் தொங்கும். உள்ளே சுவர் முழுவதும் சின்னஞ்சிறு லாச்சிகள். ஒவ்வொரு லாச்சியின் முகத்திலும் உள்ளே இருக்கும் பொருளின் மாதிரி ஒன்று கம்பியாற் கட்டப்பட்டிருக்கும்: பிணைச்சல், கொளுக்கி, புரியாணி, சுரை, தகர ஆணி. எழுத்தறியாதவரும் விரலாற் சுட்டித் தமக்கு வேண்டியதை வாங்கலாம். மண்ணெண்ணெய், தும்புக் கயிறு, வர்ணம், துரு ஆகிய அனைத்தும் கலந்த ஒரு மணம் வாசலிலேயே நம்மை எதிர்கொள்ளும். லாச்சி என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். அலவாங்கும் பீப்பாவும் போர்த்துக்கேயருடையவை. ஆண்டவர்கள் கப்பலேறிப் பல காலமாகியும் அவர்களுடைய சொற்கள் இக்கடைகளிற் கூலிக்கு உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இங்கே வருவோர் யார்? செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்யும் விவசாயி வருவார். மண்வெட்டியின் வாயை நகத்தாற் சுண்டி ஒலியைக் கேட்டுப் பார்த்தே அவர் விலை பேசுவார். கல்லை உடைத்துக் கிணறு தோண்டுபவர் அலவாங்கைத் தூக்கிப் பார்த்து நிறையை மதிப்பிடுவார். பனையேறும் தொழிலாளி, மேசன், தச்சர், லாம்புச் சிமினியைப் பன்பையில் வைத்து அணைத்துக்கொண்டு போகும் கிழவி, எல்லோரும் வருவர். துலா மறைந்து நீர்ப்பம்பி வந்த பிறகு, அதன் உறுப்புகளைத் தேடி வருவோரும் சேர்ந்துகொண்டனர். எட்டு ஆணி, ஒரு சோடி பிணைச்சல், இரண்டு பாகம் கயிறு, ஒரேயொரு சுரை என்று கேட்பார்கள். கேட்ட அளவே கிடைக்கும். அங்கே அளவை நிர்ணயிப்பது வாங்குபவரின் தேவை. பொதி கட்டியவனுடைய வசதி அன்று. இந்தச் சிறு உண்மையிலேயே அக்கடையின் கவர்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறதென்பது நம் எண்ணம்.

ஆனால் எட்டு ஆணியை எண்ணிக் கொடுப்பதற்குப் பின்னால் உலக வரலாறே நிற்கிறது. அடம் சிமித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலிலே ஆணி அடிப்போரைப் பற்றிய ஒரு கணக்குண்டு. ஆணி செய்து பழகாத கொல்லன் நாளொன்றுக்கு 200, 300 ஆணிக்கு மேல் அடிக்கமாட்டான், அவையும் மோசமானவை. இடையிடையே ஆணி செய்து பழகியவன் 800 அல்லது 1,000 அடிப்பான். வேறு தொழிலே அறியாது ஆணி மட்டும் அடித்து வளர்ந்த, இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் 2,300க்கும் மேல் அடிப்பதைத் தாம் கண்டதாக அவர் எழுதுகிறார். தொழிற் பிரிவினையின் சிறப்பை விளக்கவே அவர் இதனைச் சொன்னார். நமக்கோ 2,300 என்ற எண்ணைவிட அந்தப் பையன்களின் வயதே கண்ணிற் படுகிறது.

சுரைக்கும் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பட்டறையிற் செய்த புரியாணிக்கு மற்றொரு பட்டறையின் சுரை பொருந்தாது. ஒவ்வொருவரும் தத்தம் மனம்போனபடி புரி வெட்டினர். 1841இல் யோசேப் விற்வேத் என்னும் ஆங்கிலேயப் பொறிவினைஞர் புரியின் கோணம் 55 பாகை இருக்கவேண்டுமென்றும், இன்ன பருமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை புரி என்றும் ஒரு பொது அளவை முன்மொழிந்தார். அவ்வாறு பொது அளவுகள் பரவியதன் பின்னரே, எங்கோ கடல் கடந்த ஆலையிற் செய்த நீர்ப்பம்பியின் தொலைந்துபோன சுரைக்கு ஈடானதை உடுவில் தோட்டக்காரர் ஒருவர் லாச்சியொன்றிலிருந்து பெற முடிந்தது. ஒற்றைச் சுரையை விற்கும் கடை கிராமத்தின் பழமையிலிருந்து முளைத்ததென்று எண்ணுவது தவறு. முகமறியாத பல்லாயிரம் தொழிலாளரின் ஒழுங்குபட்ட உழைப்பு அதற்குத் தாயாகும்.

இக்கடைகளுக்கு முன்பு ஊர்க் கொல்லர் இருந்தார். உழுபடைகளையும் கத்திகளையும் செய்து கொடுத்து, அறுவடைக் காலத்தில் தானியமாகக் கூலி பெற்றார். பணம் படைத்தவர் வீட்டு வாசலில், குடிமை என்ற பெயரில், தலைமுறை தலைமுறையாக அவர் காத்து நின்றார். வெளிநாட்டு மண்வெட்டி கப்பலில் வந்து கடையிற் குவிந்தபோது அவருடைய உலை அவிந்தது. அதே சமயம், தம் உழைப்பை இன்ன வீட்டாருக்கே கொடுக்கவேண்டுமென்ற தளையும் தளர்ந்தது. நட்டத்தை மட்டும் சொல்லி அழுவோரும், விடுதலையை மட்டும் சொல்லி மகிழ்வோரும் பாதிக் கணக்கையே பார்க்கின்றனர்.

நம் தமக்கையின் மகன் பாரிஸ் நகரில், தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்கு அண்மையில் வாழ்கிறான். விடுமுறைக்கு வந்தவன் நம்மோடு அந்த இரும்புக் கடைக்கு வந்து, லாச்சிகளைப் பார்த்து வியந்து, பல கோணங்களிற் படமெடுத்தான். "மாமா, இதே மாதிரிக் கடை எங்கட தெருவிலையும் இருந்தது. இப்ப இல்லை" என்றான். பிரெஞ்சு மொழியில் அத்தகைய கடைக்குக் 'கென்காய்ரி' என்று பெயராம். உலோகத் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ஓசையிலிருந்து பிறந்த சொல் அது. மரத்தாலான சிறு லாச்சிகள், சாம்பல் நிற மேலங்கி அணிந்த கடைக்காரர், பழைய பூட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் அதற்குரிய உறுப்பைத் தேடித் தரும் பொறுமை ஆகியவற்றைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல, சுன்னாகத்து வீதியையே பிரெஞ்சு மொழியில் வருணிப்பதுபோல் இருந்தது.

அந்நாட்டில் அக்கடைகள் எவ்வாறு தேய்ந்தன என்பதும் அறியத்தக்கது. 1969இல் லில் நகருக்கு அண்மையில் 'கஸ்தோராமா' என்னும் பெருங்கடையின் முதற் கிளை திறக்கப்பட்டது. வாங்குபவர் தாமே தள்ளுவண்டியை உருட்டித் தாமே தேடி எடுத்துக்கொள்ளும் முறை பரவியது. சிறு வணிகரின் கூக்குரலுக்குச் செவிசாய்த்து, 1973 டிசம்பரில், றோயர் என்ற அமைச்சரின் பெயரால் அழைக்கப்படும் சட்டமொன்று வந்தது. ஊரின் அளவைப் பொறுத்து 1,000 அல்லது 1,500 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடை திறப்பதற்கு உள்ளூர் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும் என்றாயிற்று. சட்டம் வந்தும் பெருங்கடைகள் பெருகவே செய்தன. பின்னர் 2021 சனவரி முதல், சலவை இயந்திரம், தொலைக்காட்சிப் பெட்டி முதலான சில பொருள்கள், தாம் எவ்வளவு எளிதிற் பழுது பார்க்கத்தக்கவை என்பதைப் பத்துக்கு இத்தனை புள்ளியென்று முகத்திலேயே காட்டவேண்டும் என அந்நாட்டரசு விதித்தது. வாசரை மாற்றினாற் போதும் என்று ஒரு மனிதர் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது அச்சிட்ட சீட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீட்டு நல்லதே. அது இல்லாதிருப்பதைவிட இருப்பது மேல். ஆனாற் சீட்டிடம் நாம் கேள்வி கேட்க முடியாது.

மருமகன் எடுத்த படங்களில் ஒருவர் மட்டும் எதிலும் தெளிவாக விழவில்லை. கடையில் வேலை செய்யும் 'பெடியன்' அவர். பதினான்கு வயதில் அக்கடைக்கு வந்தவர். நாற்பதைத் தாண்டிய பிறகும் பெடியனே. முதலாளி இருந்த இடத்திலிருந்து "முக்கால் அங்குலச் சுரை" என்று குரல் கொடுப்பார். பெடியன் ஏணியில் ஏறி, கண்ணாற் பாராமலே, நூற்றுக்கணக்கான லாச்சிகளில் உரியதை இழுப்பார். எந்தப் பம்பிக்கு எந்த வாசர், எந்த மரத்துக்கு எந்த ஆணி வெடிப்பில்லாமல் இறங்கும் என்ற அறிவெல்லாம் அவருடைய விரல்களிலே இருந்தது. குழாயைத் திருகிப் பார்த்து நமக்கு உண்மை சொன்னவர் முதலாளி. அந்த உண்மையை முதலாளிக்குப் பல ஆண்டுகளாகக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இவராகவும் இருக்கலாம். அறிவுக்குத் தனி விலை இல்லை என்று நாம் மகிழ்ந்தோமல்லவா? அதன் பொருள், அவருடைய அறிவுக்கு எவரும் கூலி கொடுக்கவில்லை என்பதே. முதலாளியின் பிள்ளைகள் கனடாவுக்குப் போய், கடையும் கைமாறியபோது, லாச்சிகளுக்கு விலை பேசப்பட்டது. பெடியனுக்குப் பேசப்படவில்லை. அவர் இன்று முச்சக்கரவண்டி ஓட்டுகிறார்.

கடன் கொப்பியையும் மறைத்துவிடலாகாது. அயற்கடையின் சிறப்பு என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி அந்தக் கொப்பியிலே இருக்கிறது. கையிற் காசில்லாதபோதும் வேலை நிற்காது. வெங்காயம் விற்ற பிறகு கொடுக்கலாம். ஆனால் யாருக்குக் கொப்பி திறக்கும்? காணியும் கிணறும் உள்ளவருக்குத் திறக்கும். ஆசிரியருக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கும் திறக்கும். அன்றாடங் கூலிக்காரருக்கும், தாழ்த்தப்பட்டவரென்று ஒதுக்கப்பட்டோருக்கும் எப்போதும் திறந்ததில்லை. தேநீர்க் கடைகளிற் போல இங்கே தனிக் குவளை இல்லை. இரும்புக்குத் தீட்டில்லை என்று வேடிக்கையாகச் சொல்வர். ஆனால் நம்பிக்கைக்குத் தீட்டு இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆந் தேதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்தை நோக்கித் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டுப் பொலிசாரின் தடியடிக்கு முகங்கொடுத்தது இதே காங்கேசன்துறை வீதியிலேதான். அன்று வீதியோரக் கடைகளின் கதவுப் பலகைகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவர்களில் நல்ல மனிதரென்று பெயரெடுத்த வணிகர்களும் இருந்திருப்பர் என்று ஊகிப்பதிற் பிழையில்லை.

இவ்வளவும் சொன்ன பின் வாசரின் கேள்விக்குத் திரும்புவோம். நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "இதிலே அறத்தைத் தேடாதீர். நாளைக்கும் நீர் அங்கேயே போவீர் என்று அவருக்குத் தெரியும். 640 ரூபாயை இழந்து உம்மை ஆயுள் முழுவதற்கும் வாங்கிவிட்டார்" என்றார். பரிமாற்ற மதிப்பை நீண்டகாலக் கணக்கிற் பார்க்கும் சாமர்த்தியத்தையே நாம் நற்குணமென்று மயங்குகிறோம் என்பது அவர் வாதம். மார்க்சு 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' நூலின் முதற் பக்கங்களிலேயே பயன் மதிப்பையும் பரிமாற்ற மதிப்பையும் பிரித்துக் காட்டியதை அவர் நினைவூட்டினார். வணிகனுக்குத் தன் பண்டத்தின் பயனில் அக்கறை இல்லை. பிறருக்குப் பயன்படுமளவிலேயே அது அவனுக்கு வேண்டியதாகிறது.

வாதம் வலிமையானது. அதனை மறுக்க இனிய நினைவுகள் உதவா. ஆயினும், நாளைக்கும் வருவான் என்ற கணக்கு பலிக்காத காலங்களும் நமக்கு வாய்த்திருக்கின்றன. வணிகரின் குணத்தை அக்காலங்களிலேதான் பார்க்கவேண்டும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் ஆணியும் சைக்கிள் உறுப்பும் அரிதாயின. நமது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அன்று நல்ல விலை கிடைத்ததால் அக்காலத்தைப் பலர் குறை சொல்வதில்லை. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் வந்த தடையோ வேறு. சீமெந்து, இரும்பு, பெற்றோல், மண்ணெண்ணெய், உரம், பற்றரி எதுவும் தாராளமாகக் குடாநாட்டுக்குள் வரவில்லை. மின்சாரமும் நின்றது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை நமக்குக் கூப்பிடு தூரத்திலே மூடிக் கிடக்க, ஒரு பை சீமெந்துக்கு மனிதர் ஏங்கினர். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிது மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கிலே ஒரு தலைமுறை படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பழைய பலகைகளிலிருந்து பிடுங்கிய ஆணிகளைக் கல்லின்மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினோம். நமது வீட்டிற் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவும் இருந்தது.

அக்காலத்திலே இரும்புக் கடைகள் எவ்வாறு நடந்துகொண்டன? பதுக்கியவர் இருந்தனர். நேற்று எட்டாணியை எண்ணிக் கொடுத்தவர் இன்று ஓராணியும் இல்லையென்று கைவிரித்து, இரவில் வேறு விலைக்கு விற்றதையும் கண்டோம். அதே வீதியில், கையிலிருந்த சரக்கைப் பழைய விலைக்கே, வீட்டுக்கு இவ்வளவென்று பிரித்துக் கொடுத்து, வெறும் லாச்சிகளுடன் உட்கார்ந்திருந்தவரும் இருந்தார். நண்பரின் சூத்திரப்படி இவ்விருவரும் ஒரே வர்க்கம், ஒரே நலன். ஆனால் நடத்தை ஒன்றாக இல்லை. வர்க்கம் மனிதரின் பாதையைப் பெரும்பாலும் வகுத்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எஞ்சிய சிறுபாலை அந்த வெறும் லாச்சிகளிலே கண்டோம்.

இனி, முன்பு ஒத்திவைத்த மறுபக்கம்.

சிறு சாமான்களுக்கே நாம் அயற்கடைக்குப் போவோம். கூரை, வேலி என்று பெரிய வேலை வந்தால் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போவது வழக்கம். பட்டினத்து இரும்பு வணிகத்தில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கிருந்தது. 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. அடுத்த மாதம், இனி அமைதி வருமென்ற நம்பிக்கையில், மாட்டுக் கொட்டிலுக்குக் கூரை போட எண்ணி, முஸ்லிம் வணிகர் ஒருவரின் கடையிலே பதினான்கு தகரமும் ஒரு கிலோ தகர ஆணியும் வாங்கினோம். பாதிப் பணமே கையிலிருந்தது. "அவசரமில்லை மாஸ்ரர். வெங்காயம் வித்துப்போட்டுத் தாங்கோ" என்றார். கொப்பியில் எழுதினார். நாம் கையெழுத்துக்கூட வைக்கவில்லை. நானா என்று அவரை அழைத்து வந்தோம். நம் தகப்பனார் காலத்திலிருந்தே அக்கடையோடு பழக்கம்.

யூனில் போர் தொடங்கிற்று. வெங்காயம் கொழும்புக்குப் போகவில்லை. வாங்கிய விலையைப் போலப் பல மடங்குக்குத் தகரம் விலைபோயிற்று. அவர் ஆளனுப்பிக் கேட்கவில்லை. பாக்கிக்குப் பதிலாகத் தகரத்தைத் திருப்பித் தாரும் என்று கேட்டிருந்தாலும் அவருக்கு இலாபமாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

1990 ஒக்டோபர் 30ஆந் தேதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடவேண்டும் என்றனர். வீடு, கடை, சரக்கு, நகை அனைத்தும் இங்கேயே நின்றுவிட்டன. அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போய் ஓலைக் கொட்டில்களில் வாழத் தொடங்கினர். இது அநீதி என்று அன்று தமிழரிடையே உரத்துச் சொன்னவர் மிகச் சிலர். நாம் அச்சிலரில் ஒருவரல்ல. அஞ்சினோம் என்பது உண்மை. அஞ்சவேண்டிய காலமாகவும் அது இருந்தது. ஆனால் அச்சம் முழுக் காரணமன்று. செய்தியைக் கேட்ட மாலையில், துக்கத்தோடு துக்கமாக, நம் மனத்தின் ஒரு மூலையில் வேறொரு நினைவும் எழுந்தது. இனித் தகரத்தின் பாக்கியைக் கேட்க ஆளில்லை என்பதே அந்நினைவு. இதை எழுத இவ்வளவு காலமாயிற்று.

வணிகர் வாங்குபவருக்கு உண்மை சொல்லக் கடமைப்பட்டவரா என்று தொடக்கத்திற் கேட்டோம். வாங்கியவர் வணிகருக்கு எதற்குக் கடமைப்பட்டவர் என்று நம்மில் எவரும் கட்டுரை எழுதியதில்லை. அயற்கடையின் கவர்ச்சியைப் பேசுவோர் அனைவரும் கல்லாவுக்கு இப்பால் நிற்பவர்களே. கடைக்காரர் நம் பெயரை அறிவார், நம் வீட்டுக் குழாயை அறிவார், நம் வெங்காயம் எப்போது விலைபோகும் என்பதையும் அறிவார் என்று மகிழ்கிறோம். அவரைப் பற்றி நாம் அறிந்தது என்ன? பதின்மூன்று ஆண்டு அக்கடைக்குப் போய்வந்த நமக்கு, நானாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுகூடத் தெரியாது.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995இல், அதே ஒக்டோபர் 30ஆந் தேதி, வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் புறப்பட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. நாமும் நடந்தோம். கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டோம். 1996இல் திரும்பி வந்தபோது பூட்டும் இல்லை; பூட்டுத் தொங்கிய கதவும் இல்லை; பிணைச்சல்களைப் புரியாணியோடு கவனமாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு தேதிகளையும் ஒன்றோடொன்று தட்டிக் கழிக்கச் சிலர் விரும்புகின்றனர். இரு கணக்குகளும் வெவ்வேறு கொப்பியில் உள்ளவை. நமக்கு நேர்ந்தது நாம் கொடுக்கவேண்டியதைக் குறைப்பதில்லை.

போர் 2009இல் முடிந்த பின் முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினர். அவர்களில் ஒரு வணிகரிடம் அண்மையில் நானாவைப் பற்றி விசாரித்தோம். அவர் புத்தளத்திலேயே காலமாகிவிட்டார். மகன் அங்கே சிறியதோர் இரும்புக் கடை வைத்திருக்கிறார் என்று சொல்லித் தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். சில நாள் தயங்கியபின் பேசினோம். நாம் யாரென்பதையும் செய்தியையும் சொன்னதும் மறுபக்கத்திற் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் சொன்னார்:

"கொப்பி கடையோட போயிட்டுது, மாஸ்ரர். வாப்பா ஒருதரையும் பேர் சொல்லிக் கதைச்சதில்லை. எவ்வளவெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே? நீங்களே சொல்லுங்கோ."

கடன் கொடுத்தவரின் சாட்சியம் அழிந்துவிட்டது. கடன்பட்டவனே தன் கடனை நிர்ணயிக்கவேண்டும். 1990இன் பாக்கித் தொகையை அப்படியே அனுப்பினால் இன்று அது ஓரிரு தகரத்துக்கும் போதாது. அது கடன் தீர்ப்பதாகாது, கேலியாகும். ஏழு தகரத்தின் இன்றைய விலையை அனுப்பலாம். ஆனால் அந்தப் பணம் அன்றே புத்தளத்து முகாமில் ஒரு குடும்பத்தின் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கு அதில் அடங்காது. வட்டி சேர்க்கலாமென்றால் வட்டியை அவர்கள் மார்க்கம் விலக்குகிறது. மௌனமாக இருந்ததற்குச் சேர்த்து ஒரு தொகை போடலாமென்று ஒருநாள் எண்ணி, அவ்வாறு எண்ணியதற்கே வெட்கப்பட்டோம். பாக்கி எவ்வளவு என்பதிலும் தகராறு இருக்கிறது. துணைவியார் ஒரு தொகை சொல்கிறார். நாம் ஒரு தொகை சொல்கிறோம். பேசப் பேச இரண்டும் குறைந்துகொண்டே வருகின்றன.

மூன்று மாதமாகிறது. இன்னும் தொகையைச் சொல்லவில்லை. தகரம் பதினான்கு என்பதில் மட்டும் இருவருக்கும் ஐயமில்லை. மூன்று, இடப்பெயர்வின்போது களவு போயின. மிகுதிப் பதினொன்றும் துருவேறிக் கொட்டிலின்மேல் இருக்கின்றன. மாரியில் இன்றும் ஒழுக்கில்லை.